மல்லிகைக்கு ஒரு வார்த்தை

"டீச்சர், ஒரு வார்த்தை ஒரு பிள்ளையோட வாயை அடைச்சிட்டு. திறக்கிறதுக்கு வழி சொல்லுங்க."

சூசைமாணிக்கம் சார் இப்படித்தான் ஆரம்பித்தார்.

அவர் உட்கார்ந்திருந்தது ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில். ஆறு வயசுப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சு. ஐம்பத்து நாலு வயசு மனுஷனுக்கு முட்டி மோவாயில் வந்து இடித்தது.

எதிரே சுடர்க்கொடி டீச்சர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வயசு முப்பத்திரண்டு. பிள்ளைகள் எல்லாம் சத்துணவு வரிசைக்குப் போயிருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பிளஸ் டூ எடுக்கிற பெரிய வாத்தியார்மார் ஏதாவது சிக்கலில் மாட்டினால் ஹெச்.எம். ரூமுக்குப் போகமாட்டார்கள். ஒண்ணாப்பு டீச்சரிடம்தான் போய் நிற்பார்கள். ஹெச்.எம்.மே அங்கேதான் போவார், என்ன செய்ய!

டீச்சர் அதிகம் பேசமாட்டார். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

"எந்தப் பிள்ளை?"

"முத்துப்பேச்சி. பிளஸ் டூ."

"எந்த வார்த்தை?"

சார் வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"ஸ்டிங்க்."

டீச்சர் சீவுவதை நிறுத்தினார்.

"நாறுதுன்னு அர்த்தம்."

"ஆமா டீச்சர். நாறுதுன்னுதான் அர்த்தம்."

"சொல்லுங்க."

சொன்னார்.

சூசைமாணிக்கம் சாருக்கு ஊருக்குள் இன்னொரு பெயர், 'எட்டு வார்த்தை சார்'. ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னால் அதே அர்த்தத்தில் எட்டு வார்த்தை எடுத்து விடுவார். பட்டியல் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார். காலையில் அந்தப் பக்கம் போனால் தெருவரைக்கும் கேட்கும். 'ஸ்மெல்! சென்ட், ஓடர், அரோமா, ஃப்ராக்ரன்ஸ், பெர்ஃப்யூம், ரீக், ஸ்டென்ச், ஸ்டிங்க்!'

அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரே வார்த்தை ரெண்டு தடவை வரக்கூடாது.

"ஒரே சட்டையை ரெண்டு நாள் போடுவியாலே? மாத்து!" என்பார்.

பிள்ளைகளும் மாற்றும். மார்க்கும் வரும். முப்பது வருஷமாக இந்த வண்டி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன திங்கட்கிழமைதான் குடை சாய்ந்தது.

ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி வைத்திருந்தது. தலைப்பு, 'என் அம்மா'. முதல் இடம் வருகிற பிள்ளைக்குக் காலேஜ் படிப்பு மூணு வருஷமும் சங்கத்தின் பொறுப்பு, ஹாஸ்டல் உட்பட. முத்துப்பேச்சிக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா ஆவுடையம்மாகூட பூ மார்க்கெட்டில் உட்கார வேண்டியதுதான்.

"நல்லாத்தான் டீச்சர் பேசினா. ஹால்ல ஒரு சத்தம் கிடையாது. பாதியில வந்து, 'என் அம்மாவின் கைகள் மல்லிகையாக'ன்னு ஆரம்பிச்சு, அந்த வார்த்தையைப் போட்டுட்டா."

"மல்லிகையா நாறுதுன்னு."

"ஆமா. மேடையில இருந்த நடுவர் முதல்ல சிரிச்சார். அப்புறம் ஹாலே சிரிச்சுது. அதுக்கு அடுத்து அவ சொன்னது ஒருத்தருக்கும் காதுல விழல. மைக் இருந்தும் விழல."

"எதுக்கு அந்த வார்த்தையைப் போட்டா?"

"எல்லாம் என்னாலதான். முன்னாடியே ஒரு இடத்துல ஸ்மெல் வந்திட்டு. ரெண்டாவது தடவை வரக்கூடாதேன்னு பட்டியல்ல கடைசியா கிடந்ததை எடுத்துப் போட்டிருக்கா, பாவம்."

"அம்மா வந்திருந்தாவளா?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை ஒருதரம் கைக்குட்டையால் துடைத்து, கைக்குட்டையைப் பெஞ்சிலேயே போட்டார்.

"வந்திருந்தாவ. முதல் வரிசை. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. எல்லாரும் சிரிக்கவும், மக ஏதோ நல்லதா சொல்லிட்டாள்னு நெனச்சு, அவியளும் சேர்ந்து சிரிச்சாவ டீச்சர். கையும் தட்டினாவ."

"அதைப் பிள்ளை பார்த்தாளா?"

"பார்த்தா. பார்த்தபிறகுதான் வாயை மூடினா."

டீச்சர் நிமிர்ந்து சாரைப் பார்த்தார்.

"நீங்க?"

"நானா?"

"சிரிச்சியளா?"

சார் கரும்பலகையைப் பார்த்தார். அதில் அ, ஆ, இ என்று எழுதிக் கிடந்தது. அதையே ரொம்ப நேரம் படித்தார்.

"கொஞ்சம்," என்றார்.

டீச்சர் அதற்குமேல் கிண்டவில்லை.

"அப்புறம்?"

"நடுவர் நல்ல மனுஷன்தான். 'பேச்சு பிரமாதம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திட்டு வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்றுக்கு வாம்மா'ன்னு சொன்னார். அஞ்சு பேர்ல இவளும் ஒருத்தி. ஆனா செவ்வாய்க்கிழமையில இருந்து பள்ளிக்கூடம் வரல. கூட்டாளிப் பிள்ளைகளை அனுப்பினேன். சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்காளாம். இங்கிலீஷும் கிடையாது, தமிழும் கிடையாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை டீச்சர்! அவ வாழ்க்கையே போயிரும். நான் என்ன செய்யட்டும்?"

சுடர்க்கொடி டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கண்ணை மூடுங்க சார்."

"எதுக்கு?"

"மூடுங்க."

மூடினார். பிள்ளைகளின் பைகளைத் துழாவுகிற சத்தம் கேட்டது. மூக்கருகே ஏதோ வந்தது.

"என்னது?"

"புது புஸ்தகம். நல்ல வாசனை."

அது போய் வேறொன்று வந்தது. சார் தலையைப் பின்னால் இழுத்தார்.

"ஐயே! ஊசின வாடை. ஏதோ பிள்ளை டிபன் பாக்ஸைக் கழுவாம வச்சிருக்கு."

அடுத்தது.

"கவிச்சி. முட்டை."

அடுத்ததற்கு மூணு தும்மல் வந்தது. "மிளகாய்ப்பொடி நெடி! கொல்லப் பார்க்கியளா டீச்சர்?"

கடைசியாக ஒன்று வந்தது. சார் முகத்தைச் சுளித்தார்.

"வேர்வை வீச்சம். தாங்க முடியல. யாரோடது இது?"

"உங்களோடது. உங்க கைக்குட்டை."

சார் கண்ணைத் திறந்தார். மூக்கில் இருந்து தண்ணீர் வடிந்தது. அந்தக் கைக்குட்டையாலேயே துடைத்துக்கொண்டார், வேறு என்ன செய்வார்!

டீச்சர் கேட்டார். "வாசனை, வாடை, கவிச்சி, நெடி, வீச்சம். எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தானே சார்?"

"அது எப்படி டீச்சர்? முட்டைக்கு நெடின்னு சொன்னா பச்சைப்பிள்ளைகூட சிரிக்கும்."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

முப்பது வருஷம். எத்தனை பிள்ளைகள்! எல்லார் கையிலும் எட்டெட்டு வார்த்தையைக் கொடுத்து, எல்லாம் ஒண்ணுதான், எதை வேணும்னாலும் எடுத்துப் போடுங்கலே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"புரிஞ்சிட்டு டீச்சர்," என்று எழுந்தார். பெஞ்சும் கூடவே கொஞ்சம் எழுந்து, பிறகு விட்டது. "தப்பு என் மேலதான். இப்பவே போறேன். மன்னிப்புக் கேட்டு, மல்லிகைக்குச் சரியான வார்த்தை இதுதான்னு எழுதிக் கொடுத்துட்டு வாரேன்."

"சார்."

"சொல்லுங்க டீச்சர்."

"வெறுங்கையோட போங்க."

சார் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போய், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெரிய எழுத்தில் 'ஃப்ராக்ரன்ஸ்' என்று இங்கிலீஷில் எழுதி, நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாத்தியாரிடம் வெறுங்கையோடு போ என்றால் போவாரா?

பள்ளிக்கூடம் விட்டதும் கிளம்பினார்.

பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முடுக்கு. வரிசையாக ஓட்டு வீடுகள். நாலாவது வீடு முத்துப்பேச்சியுடையது. உள்ளே நுழைந்ததுமே ஒரு நாற்றம் சாரின் மூக்கில் ஏறியது. பக்கத்தில் சாக்கடை போல என்று நினைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைக்கிற மாதிரி கைக்குட்டையை மூக்கோடு வைத்துக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுஷன்.

ஆவுடையம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஈரச்சாக்கு ஒன்று. சாரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"வாங்க சார்! இருங்க சார்! ஏட்டி பேச்சி, சார் வந்திருக்காவ பாரு. எந்திரி."

முத்துப்பேச்சி எழுந்தாள். சுவரோடு ஒட்டி நின்றாள். வாய் திறக்கவில்லை.

"மூணு நாளா இப்படித்தான் சார் இருக்கா. சோத்தை வச்சா திங்கா. கேட்டா பதில் இல்ல. காத்துகருப்பு எதுவும் அடிச்சிட்டோன்னு கோயிலுக்குக்கூட கூட்டிட்டுப் போனேன். சார், கலர் சோடா குடிக்கியளா? வாங்கியாரட்டா?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

சார் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினார். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"பேச்சி, தப்பு உன் மேல இல்லம்மா. என் மேல. எல்லா வார்த்தையும் ஒண்ணுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒண்ணு இல்ல. எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ இந்த வார்த்தையைப் போட்டுக்கோ. நாளைக்கு ஒருத்தன் சிரிக்கமாட்டான்."

தாளைப் பிரித்து நீட்டினார்.

முத்துப்பேச்சி அதைப் படித்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாருக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டும் இவ்வளவு வீம்பா?

ஆவுடையம்மா தாளை எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் அது?"

"ஒரு வார்த்தைம்மா."

"நானும் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஹால்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாவளே, எம்பிள்ளை அப்படி என்ன சொன்னா சார்? இவகிட்டக் கேட்டா அழுதுட்டா. நீங்களாவது தமிழ்ல சொல்லுங்க."

சார் இதை எதிர்பார்க்கவில்லை.

முத்துப்பேச்சி சுவரிலிருந்து திரும்பினாள். சார் முகத்தையே பார்த்தாள்.

ஒரு வார்த்தை கேட்டால் எட்டு வார்த்தை கொடுக்கிற மனுஷனுக்கு அப்போது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் நாற்றம் என்றாலே நறுமணம்தான் என்று தமிழ் ஐயா அடிக்கடி சொல்வார். அதை இந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல முடியுமா? உன் கை நாறுது என்று உன் மகள் மைக்கில் சொன்னாள், நீயும் கை தட்டினாய் என்று எந்த வாயால் சொல்வது?

பொய் சொன்னார்.

"உங்க கை மல்லிகைப்பூவா மணக்குதுன்னு சொன்னாம்மா."

ஆவுடையம்மா ஒரு கணம் முழித்தாள்.

பிறகு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"மணக்குதா! எங் கையா! ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிட்டா? சார், சாமி கழுத்துக்கும் பொம்பளைய தலைக்கும் போற பூதான் மணக்கும். அது விடியக்காலமே போயிரும். எங்க பாடு இதுலா!"

ஈரச்சாக்கின் வாயைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே மல்லிகை. பழுப்பாக, கூழாக, ஆவி பறக்க வெந்து கிடந்தது.

"விக்காத பூ சாக்குல அமுங்கிக் கிடந்து வெந்துபோவும். மறுநாளு இதுக்குள்ள கையை விட்டு, அழுகினதைக் கழிச்சுட்டு, தேறினதை எடுத்துக் கட்டணும். பதினேழு வருஷமா இதான் சோலி. இந்தாங்க, மோந்து பாருங்க."

கையைச் சாரின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். விலகுவதற்கு இடமில்லை. சார் மோந்தார்.

சாக்கடை இல்லை. இதுதான் அது.

"நாறுதா?"

சார் கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்தார்.

"சும்மா சொல்லுங்க சார். மல்லியப்பூதான், ஆனா நாறும். எந்தச் சோப்பு போட்டாலும் போவாது. இதைப் போயி மணக்குதுன்னு இம்புட்டுப் பேர் முன்னால பொய் சொல்லியிருக்காளே! அதான் சிரிச்சிருக்காவ. சிரிக்காம என்ன செய்வாவ? ஏட்டி, எம் மானத்தை வாங்கிட்டியேட்டி!"

முத்துப்பேச்சி குனிந்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஒரு பக்கத்தைப் பிரித்தாள். சாரின் கையில் வைத்தாள்.

அவள் பேசிய பேச்சு அதில் இருந்தது, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில். நடுப்பக்கத்தில் அந்த வரி. அதில் ஸ்மெல் என்று முதலில் எழுதி அடித்திருந்தாள். ஓடர் என்று எழுதி அடித்திருந்தாள். ஃப்ராக்ரன்ஸ் என்று எழுதி, அதை மட்டும் பேனா கிழிக்கிற மாதிரி அடித்திருந்தாள். கடைசியில்தான் ஸ்டிங்க்.

அதற்குக் கீழே, அன்றைக்குச் சிரிப்புச் சத்தத்தில் ஒருத்தர் காதிலும் விழாத அடுத்த வரி.

சார் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். எழுதத் தெரியாமல் எழுதிவிட்டாள் என்று டீச்சரிடம் போய்ச் சொன்னோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

"என்ன சார் எழுதியிருக்கா?" என்றாள் ஆவுடையம்மா.

"நான் சொன்னதுதாம்மா பொய். அவ எழுதினதை வாசிக்கேன், கேளுங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார்.

"'என் அம்மாவோட கை மல்லிகையா நாறும். எனக்குச் சோறு போடுறதுக்கு முந்தி, அம்மா அந்தக் கையை மூணு தடவை கழுவுவா.'"

ஆவுடையம்மாவின் சிரிப்பு நின்றது.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"நீ பாக்கியாட்டி அதை?"

முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள்.

ஆவுடையம்மா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு சாரிடம் திரும்பினாள். அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"இதுல பொய்யி ஒண்ணும் இல்லியே சார். உள்ளதைத்தானே சொல்லியிருக்கா. பின்ன எதுக்கு எல்லாரும் சிரிச்சாவ?"

சூசைமாணிக்கம் சார் நோட்டை மூடினார். இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கு அந்த ஹால்ல இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு ஒருத்திதாம்மா இருந்தா."

முடுக்கில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

முத்துப்பேச்சி நோட்டைப் பையில் வைத்தாள். மூணு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?"